விலை சொல்லும் அறை

அலெக்ஸா ஆல்பர்ட் எழுதிய 'ப்ராத்தல்' என்ற நூலை (2001) நாங்கள் நண்பர்கள் மூவர் அடுத்தடுத்துப் படித்தோம். ஆல்பர்ட் பொதுச் சுகாதாரம் படித்துக்கொண்டிருந்த நாட்களில், ஆணுறைப் பயன்பாடு பற்றிய ஓர் ஆய்வுக்காக, அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில் உரிமம் பெற்று இயங்கிய மஸ்டாங் ராஞ்ச் என்னும் விடுதிக்குள் 1993இல் நுழைந்தவர். ஆய்வு முடிந்த பிறகும் திரும்பத் திரும்ப அங்கே போய்த் தங்கி, அந்தப் பெண்களோடு பேசி எழுதினார். படித்து முடித்துப் பேசியபோது மூவரும் நின்ற இடம் ஒன்றாகவே இருந்தது. உடலைப் பற்றிய பக்கங்களில் நாங்கள் நிற்கவில்லை. விலை பேசுவதைப் பற்றிய பக்கங்களில்தான் நின்றோம்.

தமிழில் வாசித்து வளர்ந்தவர்களுக்கு இது சற்றுப் புதியது. திருக்குறளின் 92ஆம் அதிகாரமான 'வரைவின் மகளிர்' எச்சரிக்கைகளால் ஆனது. ஆனால் எச்சரிக்கப்படுபவன் ஆண். அவனுடைய பொருளும் பெயரும் போய்விடும் என்பதே அங்குள்ள கவலை. இருபதாம் நூற்றாண்டில் பார்வை இடம் மாறியது. புதுமைப்பித்தனின் 'பொன்னகரம்' கதையில் அம்மாளுவுக்குக் கிடைத்தது முக்கால் ரூபாய் என்று நமக்குச் சொல்லப்படுகிறது. அந்தத் தொகையை யார் முதலில் சொன்னார்கள், யார் குறைத்தார்கள் என்பது சந்தின் இருட்டிலேயே தங்கிவிடுகிறது. 'குறத்தி முடுக்கு' (1963) எழுதிய ஜி. நாகராஜன் நம்மை இன்னும் அருகில் அழைத்துப் போனார். ஆனாலும் அவருடைய உலகில் தரகரின் நிழல் விழாத பேரம் அரிது. ஒரு பெண் தன் அறையில், கதவைச் சாத்திக்கொண்டு, எதிரில் இருப்பவனிடம் தானே விலை சொல்லும் காட்சியை நாங்கள் முதன்முதலாக விரிவாகப் படித்தது இந்த அமெரிக்க நூலில்தான்.

நெவாடாவின் ஏற்பாட்டைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1971இல் ஸ்டோரி கவுண்ட்டி, நம்மூர் மாவட்டம் போன்ற ஒரு நிர்வாகப் பிரிவு, மஸ்டாங் ராஞ்சுக்கு உரிமம் கொடுத்தது. அதே ஆண்டில் மாநிலச் சட்டமன்றம் மக்கள்தொகை மிகுந்த கவுண்ட்டிகளில் இத்தகைய உரிமம் கூடாது என்று சட்டம் செய்தது. அதன் குறி லாஸ் வேகாஸ். இன்றைக்கு அந்த வரம்பு ஏழு லட்சம் பேர். எனவே சூதாட்டத்துக்குப் பெயர்போன அந்த நகரத்தில் பாலியல் தொழில் சட்டவிரோதம். அங்கே போய் இறங்கும் வெளியூர்க்காரர்களில் பலர் இதற்கு நேர்மாறாகவே நம்பியிருப்பார்கள். சட்டபூர்வமான விடுதிகள், சுமார் இருபது, ஆள் நடமாட்டம் குறைந்த கவுண்ட்டிகளில் பாலைவனச் சாலைகளின் ஓரமாக இருக்கின்றன. அங்கே வேலை செய்யும் பெண்களுக்கு வாரந்தோறும் மருத்துவப் பரிசோதனை உண்டு, மாதந்தோறும் எச்.ஐ.வி. சோதனை உண்டு. 1988 முதல் ஆணுறை கட்டாயம்.

இத்தனையையும் விதித்த அரசு, விலையைப் பற்றி ஒரு வார்த்தையும் விதிக்கவில்லை. பெரும்பாலான விடுதிகளில் விலைப்பட்டியல் கிடையாது. தொலைபேசியில் கேட்டால் சொல்ல மாட்டார்கள். உரிமம் பெற்ற கட்டடத்துக்கு வெளியே விலை பேசினால் அது குற்றமாகிவிடும் என்பது விடுதிகள் கூறும் காரணம். அதில் உண்மையும் உண்டு, வியாபாரத் தந்திரமும் உண்டு. வந்தவர் கூடத்தில் வரிசையாக வந்து நிற்கும் பெண்களில் ஒருவரைத் தேர்கிறார், அல்லது மதுக்கூடத்தில் பேசிப் பழகுகிறார். பிறகு அந்தப் பெண் தன் அறைக்கு அழைத்துச் செல்கிறார். விலை அங்கேதான் பிறக்கிறது. ஒத்துக்கொண்டால் நோய்க்குறிகள் இருக்கின்றனவா என்று அந்தப் பெண் அவரைச் சோதித்துப் பார்க்கிறார். பணம் முன்னதாகவே வாங்கப்பட்டு அலுவலகத்துக்குப் போகிறது. அதன் பின் கடிகாரம் ஓடத் தொடங்குகிறது. விலை ஒத்துவராவிட்டால் இருவரும் வெளியே வந்துவிடலாம். கேட்டதற்குக் கட்டணம் இல்லை.

இந்த இடத்தில் எங்களுக்கு நினைவு வந்தது மாட்டுச்சந்தை. துண்டைப் போர்த்தி அதற்கடியில் விரல்களைப் பற்றி விலை பேசும் வழக்கம் நம்மூர்ச் சந்தைகளில் உண்டு. பக்கத்தில் நிற்பவனுக்குத் தெரியாது. நேற்று இதே ஜோடி எவ்வளவுக்குப் போனது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். மறைவில் பேசப்படும் விலை எப்போதும் விவரம் தெரிந்தவனுக்கே சாதகம். நெவாடா அறையில் விவரம் தெரிந்தவர் பெண். அவர் ஒரு வாரத்தில் எத்தனையோ முறை இந்தப் பேச்சைப் பேசியிருப்பார். வந்தவருக்கோ பெரும்பாலும் இது முதல் முறை.

ஆகவே வாங்க வருபவருக்கான எச்சரிக்கைக் குறிகள் சில உண்டு. அவற்றை மறைப்பதற்கு ஒன்றுமில்லை, எந்தச் சந்தைக்கும் பொருந்துபவைதாம். என்ன வேண்டும் என்று கேட்பதற்கு முன்பே கையில் எவ்வளவு இருக்கிறது என்று கேட்கப்பட்டால், விலை பொருளிலிருந்து வரப்போவதில்லை, பையிலிருந்து வரப்போகிறது. சொல்லப்பட்ட தொகை எவ்வளவு நேரத்துக்கு என்பது தெளிவாகாமல் இருந்தால் பிறகு அது இரண்டாம் முறை பேசப்படும். அழைத்து வந்த டாக்ஸி ஓட்டுநர் ஒரு குறிப்பிட்ட விடுதியை மட்டும் மிகையாகப் புகழ்ந்தால், வாடிக்கையாளர் செலவிடும் பணத்தில் ஒரு பங்கு ஓட்டுநருக்குப் போகும் வழக்கம் அந்தத் தொழிலில் நெடுங்காலமாக உண்டு என்பதை நினைத்துக்கொள்ளலாம். இவையெல்லாம் பணத்தைப் பற்றியவை. போனால் பணம் போகும், அவ்வளவுதான். வள்ளுவர் கவலைப்பட்டதும் ஏறத்தாழ இதற்குத்தான் என்று எங்களில் ஒருவர் குறும்பாகச் சொன்னார்.

அறையின் மறுபக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் பார்க்கும் குறிகள் வேறு. பேரம் என்பது அந்தப் பெண்ணுக்கு விலையை ஏற்றும் கருவி மட்டுமில்லை, ஆளை எடைபோடும் கருவியும் அதுதான். முன்பின் தெரியாத ஒருவனோடு தனியறையில் சில நிமிடம் பேச அவருக்கு வேறு சந்தர்ப்பம் இல்லை. ஆணுறை இல்லாமல் என்றால் எவ்வளவு என்று கேட்பவன், அந்த மாநிலத்தின் சட்டத்தை மீறுவதற்கும் விலை கேட்கிறான். அவனுக்கு எந்தத் தொகையும் சரியான தொகை ஆகாது. சோதனைக்கு உடன்பட மறுப்பவன், குடித்து நிதானம் தவறியவன், சொன்ன விலையைக் குறைப்பதைவிடச் சொன்னவரை இழிவுபடுத்துவதில் அதிகச் சுவை காண்பவன், உண்மைப் பெயரையும் ஊரையும் குடும்பத்தையும் துருவிக் கேட்பவன், எல்லாம் முடிந்தபின் தருகிறேன் என்பவன் ஆகிய இவர்களை அவர் தன் பேச்சினாலேயே வடிகட்ட வேண்டியிருக்கிறது. அதற்கு நாகரிகமான ஒரு வழி, அவன் தர முடியாத விலையைச் சொல்வது. எங்களுக்கு இந்த நுட்பம் பெரிதாகப் பட்டது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அநியாய விலையாகத் தெரிவது உள்ளே ஒரு மறுப்பாக இருக்கலாம். வேண்டாம் என்ற சொல்லைப் பணத்தின் மொழியில் சொல்கிறார்.

ஆனால் அவரால் உண்மையிலேயே மறுக்க முடியுமா என்பதுதான் அடுத்த கேள்வி. இங்கேதான் நெவாடா ஏற்பாட்டின் மூன்றாவது காது வருகிறது. பல விடுதிகளில் அறைகளுக்கு இன்டர்காம் இணைப்பு உண்டு. பேரம் நடக்கும்போது அலுவலகத்தில் இருப்பவர் கேட்டுக்கொண்டிருக்கலாம். பெண்ணின் பாதுகாப்புக்கு என்பது ஒரு காரணம். அதை நாங்கள் மறுக்கவில்லை, உதவிக்கு அழைக்கும் பொத்தானும் அதே அறைகளில் உண்டு. இன்னொரு காரணம், பேசிய தொகைக்கும் அலுவலகத்துக்கு வரும் தொகைக்கும் வித்தியாசம் இருக்கக் கூடாது என்பது. ஏனெனில் அதில் பாதி விடுதிக்கு. சட்டத்தின் கண்ணில் அந்தப் பெண் ஊழியர் அல்லர், தனித்து இயங்கும் ஒப்பந்தக்காரர். விலையைத் தானே வைக்கிறார். மருத்துவச் சோதனைக்கும், ஷெரிஃப் அலுவலகத்தில் வாங்க வேண்டிய பணி அட்டைக்கும் தானே செலவழிக்கிறார். பல விடுதிகளில் தங்குவதற்கும் உண்பதற்கும் நாள் வாடகை வேறு கொடுக்கிறார். ஒப்பந்தக்காரர் என்ற சொல் சுதந்திரத்தைக் குறிப்பதாக நாம் நினைக்கிறோம். இங்கே அது செலவைக் குறிக்கிறது. நாலு நாள் யாரும் வராவிட்டால் ஐந்தாம் நாள் அவர் சொல்லும் விலையில் அந்த நாலு நாள் வாடகையும் உட்கார்ந்திருக்கும். ஐந்தாம் நாள் வருபவனிடம் வேண்டாம் என்று சொல்வதன் விலை முதல் நாளைவிட அதிகம்.

பணம் எப்படிப் பிரிகிறது என்று பேசும்போது ஒன்றைச் சொல்லாமல் போக மனமில்லை. மஸ்டாங் ராஞ்சை வரி பாக்கிக்காக 1990இல் மத்திய அரசு கைப்பற்றியது. அதன் முதலாளி ஜோ கான்ஃபோர்ட்டே பிரேசிலுக்குப் போய்விட்டார். விடுதி பின்னர் வேறு கையில் இயங்கி, 1999இல் முற்றாக அரசின் வசமாகி மூடப்பட்டது. 2003இல் அந்தக் கட்டடங்களை அரசு ஈபே தளத்தில் ஏலம் விட்டது. ஒரு லட்சத்து நாற்பத்தைந்தாயிரத்து நூறு டாலருக்குப் போயிற்று. உலகம் முழுதும் பார்த்துக்கொண்டிருக்க, ஒவ்வொரு கேட்பும் எழுத்தில் பதிவாகி நடந்த பேரம் அது. சுவர்களுக்குக் கிடைத்த அந்த வெளிச்சம் அந்தச் சுவர்களுக்குள் நடந்த எந்தப் பேரத்துக்கும் கிடைத்ததில்லை. இன்னொரு வேடிக்கை: 2009இல் ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் ஐந்து டாலர் வரி விதிக்கலாம் என்று சட்டமன்றத்தில் யோசனை வந்தபோது விடுதிகளின் தரப்பே அதை ஆதரித்தது. வரி கட்டுபவரை எளிதில் ஒழிக்க முடியாது என்பது அவர்கள் கணக்கு. சட்டமன்றக் குழு அந்த யோசனையை ஏற்கவில்லை.

லாஸ் வேகாஸுக்கு மேற்கே, சுமார் நூறு கிலோமீட்டரில், பாரம்ப் என்ற ஊர் இருக்கிறது. ஒரு நெடுஞ்சாலைப் பயணத்தின்போது, எங்களில் இருவர் அந்தப் பக்கத்து விடுதி ஒன்றின் மதுக்கூடத்தில் ஒரு பகல் நேரத்தில் அரை மணி உட்கார்ந்திருக்கிறோம். சுற்றுலாப் பயணிகள் வந்து பார்த்துவிட்டுப் போகும் இடமாதலால் எங்களை யாரும் விசித்திரமாகப் பார்க்கவில்லை. ஓட்டல்களில் கொடுப்பது போன்ற அட்டை ஒன்று மேசையில் இருந்தது. வகைகள் எல்லாம் அச்சிடப்பட்டு, விலை இருக்க வேண்டிய வலப்பக்கம் வெறுமையாக இருந்தது. பக்கத்து மேசையில் ஒரு நடுவயதுக்காரர் ஒரு பெண்ணிடம் திரும்பத் திரும்பத் தோராயமாகவாவது ஒரு தொகை சொல்லும்படி கேட்டுக்கொண்டிருந்தார். அந்தப் பெண் சிரித்தபடியே, அதை உள்ளே பேசலாம் என்றார். மூன்றாம் முறை கேட்டபோது சிரிப்பு குறையாமலே தன் நாற்காலியைச் சற்றுப் பின்னால் நகர்த்திக்கொண்டார். பிறகு எழுந்து வேறொரு மேசைக்குப் போய்விட்டார். யாரும் அவரைத் தடுக்கவில்லை, திரும்ப அனுப்பவுமில்லை. ஆல்பர்ட்டின் நூலில் நாங்கள் படித்த பல பக்கங்களைவிட அந்த நாற்காலி நகர்ந்த அரை அடி எங்களுக்கு அதிகம் விளக்கியது.

அந்த அரை அடி இல்லாத இடம் எப்படி இருக்கும் என்பதற்கு ஜெர்மனியைப் பார்க்க வேண்டும். அங்கே 2002ஆம் ஆண்டுச் சட்டம் பாலியல் தொழிலை ஒரு தொழிலாக ஏற்று, பேசிய தொகையை நீதிமன்றத்தில் கேட்டுப் பெறும் உரிமையைப் பெண்ணுக்குக் கொடுத்தது. நல்ல நோக்கம்தான். ஆனால் 2009 கோடையில் ஸ்டுட்கார்ட் நகருக்கு அருகே ஃபெல்பாக்கில் திறக்கப்பட்ட ஒரு விடுதி, பகலில் 70 யூரோ, மாலையில் 100 யூரோ கட்டினால் எத்தனை முறை வேண்டுமானாலும் யாரோடு வேண்டுமானாலும் என்று விளம்பரம் செய்தது. நம்மூர் அளவுச் சாப்பாட்டுக்கும் முழுச் சாப்பாட்டுக்கும் உள்ள வேறுபாடு போல. வாங்குபவன் கண்ணில் இதைவிட நேர்மையான விலை இருக்க முடியாது. ஒளிவில்லை, மறைவில்லை, வாசலிலேயே எழுதிப் போட்டாயிற்று. டாக்ஸி ஓட்டுநரை நம்ப வேண்டியதில்லை, பையைக் காட்ட வேண்டியதில்லை. வாங்குபவனுக்கான எச்சரிக்கைக் குறிகள் அத்தனையும் நீங்கிய அந்த இடத்தில்தான் மிகப் பெரிய குறி நின்றது. பேரம் இல்லாததால் மறுப்புக்கும் இடமில்லை. வாசலில் பணம் வாங்கியவர் உள்ளே இருப்பவருக்காக முன்கூட்டியே எல்லாவற்றுக்கும் சம்மதித்துவிட்டார். சில வாரங்களில் காவல் துறையின் சோதனை நடந்தது. நிர்வாகிகள் பின்னர் தண்டிக்கப்பட்டார்கள். 2017 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டம் இவ்வகை மொத்தக் கட்டண முறையைத் தடைசெய்தது.

அப்படியானால் விலையைப் பெண்ணே பேசும் இடம் பாதுகாப்பானது என்று முடிவுகட்டிவிடலாமா? நாங்கள் அப்படித்தான் எண்ணத் தொடங்கியிருந்தோம். அதே ஸ்டுட்கார்ட் பக்கத்தில் 'பாரடைஸ்' என்ற பெரிய விடுதி இருந்தது. அங்கே ஆணும் நுழைவுக் கட்டணம் செலுத்துவார், பெண்ணும் செலுத்துவார். உள்ளே இருவரும் சுதந்திரமாகப் பேசிக்கொள்ளலாம், விடுதி தலையிடாது. தொலைக்காட்சிகளில் தோன்றி இதைத் தூய்மையான மாதிரியாக எடுத்துச் சொன்னவர் அதன் உரிமையாளர். 2019 பிப்ரவரியில் ஸ்டுட்கார்ட் நீதிமன்றம் அவருக்கு ஐந்தாண்டு சிறைத் தண்டனை விதித்தது. ஆட்கடத்தலுக்கு உதவியது குற்றச்சாட்டுகளுள் ஒன்று. அங்கே வேலை செய்த பெண்களில் சிலரை அனுப்பிவைத்தவர்கள் வேறு ஆட்கள், பணம் போய்ச் சேர்ந்ததும் அவர்களிடம். மேசையில் உட்கார்ந்து வாய் திறந்து விலை சொன்னவர் பெண்தான். விலையை நிர்ணயித்தது வெளியே இருந்தவனுடைய கை. துண்டுக்கடியில் இருந்த விரல்கள் பேசுபவருடையவை அல்ல.

எனவே மூன்றாமவராக நின்று பார்க்கும்போது கவனிக்க வேண்டிய குறிகள் எண்களில் இல்லை. அக்கம்பக்கத்து விலையைவிடக் காரணமின்றிக் குறைவாக ஒருவர் சொல்கிறார் என்பது மலிவு அல்ல, யாரிடமோ இன்று மாலைக்குள் கணக்குக் காட்ட வேண்டியிருக்கிறது என்று அதற்குப் பொருள் இருக்கலாம். கேட்கும் கேள்விக்கெல்லாம் வேறொருவர் பதில் சொல்வது, பணத்தை வேறொருவர் எண்ணி வாங்குவது, மொழி தெரியாத பெண் ஒப்பிப்பதுபோல் ஐந்தாறு சொற்களை மட்டும் சொல்வது, எதைக் கேட்டாலும் சரி என்பது ஆகியவையே அஞ்ச வேண்டியவை. இந்தக் கடைசிக் குறிதான் வாடிக்கையாளருக்கு மிகவும் பிடித்தமானது என்பது இத்தொழிலின் கொடுமைகளில் ஒன்று. பேரத்தில் எதிர்ப்பே இல்லாவிட்டால் தான் கெட்டிக்காரன் என்று வாங்குபவன் நினைத்துக்கொள்கிறான். கத்தரிக்காய் விற்பவள் பாதி விலைக்கு உடனே தலையாட்டினால் சொத்தைக்காய் என்று சந்தேகப்படத் தெரிந்தவன் அவன்.

சட்டங்கள் மெல்ல இந்தச் சந்தேகத்தை அவன்மேல் கடமையாகச் சுமத்தத் தொடங்கியிருக்கின்றன. இங்கிலாந்தில் 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி, வற்புறுத்தப்பட்ட ஒருவருக்குப் பணம் கொடுத்து உறவு பெறுவது குற்றம். வற்புறுத்தல் தெரியாது என்பது தப்பிக்கும் வழியாகாது. ஜெர்மனி 2016இல், கடத்தலுக்கு ஆளானவர் என்று தெரிந்தே அந்த நிலையைப் பயன்படுத்திக்கொள்பவரைத் தண்டிக்கச் சட்டம் செய்தது. 2021இல் அதை நீட்டி, கண்ணுக்குத் தெரிந்த குறிகளைப் பெரும் அலட்சியத்தால் காணாமல் போனவரையும் அதற்குள் கொண்டுவந்தது. நெதர்லாந்தில் 2022 ஜனவரி முதல், சந்தேகிக்கத் தக்க காரணம் இருந்தும் போனவர் குற்றவாளி.

இந்த இடத்தில் எங்களுக்குள் கருத்து ஒன்றாகவில்லை. அந்த மதுக்கூடத்துக்கு வராத நண்பர், வழக்கறிஞராக இருப்பவர், இத்தகைய சட்டங்களில் தண்டிக்கப்படுபவர் மிகச் சிலராகவே இருக்க முடியும் என்கிறார். கதவைச் சாத்திக்கொண்டு பேசிய இரண்டு நிமிடத்துக்கு யார் சாட்சி? பெண் பேச அஞ்சுவார், ஆண் பேச மாட்டான். இன்டர்காமில் கேட்டுக்கொண்டிருந்தவர் தன் பாதியைப் பற்றித்தான் பேசுவார். மற்ற இருவரும் அப்படி எண்ணவில்லை. பாரம்பில் அந்த நடுவயதுக்காரர் நான்காம் முறை கேட்காமல் நின்றுவிட்டதை நாங்கள் பார்த்திருக்கிறோம். நாற்காலி நகர்ந்ததை அவரும் பார்த்தார். பிறகு தன் கோப்பையை முடித்துவிட்டு, வெறுமையாக இருந்த அந்த வலப்பக்கத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்து, காரை எடுத்துக்கொண்டு போனார்.